முதல் தீற்றல் எங்கே?

இந்த இதழுக்குப் புது ஓவியத்தைத் தொடங்குவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். முடிப்பது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய படம் வரைய உட்காரும்போது உங்கள் மனதில் முதலில் வருவது எது சார்? கருத்தா, உருவமா, நிறமா?

பதில்: மூன்றும் இல்லை. இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்பதுதான் முதலில். இப்போது ஈஸலில் இருக்கும் படத்தையே சொல்கிறேன். நாற்காலியின் முதுகில் ஈரத் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, துண்டின் ஒரு மடிப்பு மட்டும் பளீரென்று தெரிந்தது, மற்றதெல்லாம் மங்கல். வரையலாம் என்ற ஆசை வந்தது அந்த மடிப்பைப் பார்த்துத்தான். தனிமை, காத்திருப்பு என்றெல்லாம் எதுவும் தோன்றவில்லை. அதையெல்லாம் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

நேரே கேன்வாஸுக்குப் போகமாட்டேன். நோட்டில் இரண்டு அங்குல அளவில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் அதே காட்சியை மூன்றே தொனியில் வரைவேன்: தாளின் வெள்ளை, பென்சிலின் சாம்பல், அழுத்தித் தேய்த்த கறுப்பு. கட்டம் சின்னது என்பதால் துண்டின் நூலையோ நாற்காலியின் ஆணியையோ வரைய இடமே கிடையாது. அதுதான் இதில் லாபம். நாற்காலியை நடுவில் வைத்தபோது படம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி விறைத்து நின்றது. இடது ஓரத்துக்குத் தள்ளி, ஒரு காலைக் கட்டத்துக்கு வெளியே விட்டேன். தரையில் கிடந்த நிழல் மற்ற கால்களோடு ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்பு வடிவமாகிப் பாதிக் கட்டத்தை எடுத்துக்கொண்டது. துண்டை வரைய வந்தவன் நிழலைத்தான் வரையப்போகிறேன் என்பது அங்கே தெரிந்தது. கேன்வாஸின் நீள அகலத்தை முடிவு செய்வதும் அப்புறம்தான். பிடித்த கட்டத்தின் விகிதம் எதுவோ, கேன்வாஸுக்கும் அதே விகிதம்.

கேள்வி: வெள்ளைக் கேன்வாஸைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. எனக்கு மட்டும்தானா?

பதில்: வான்கோவுக்கே அந்தத் தொல்லை நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1884இல் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், வெற்றுக் கேன்வாஸ் ஓவியனை முறைத்துப் பார்த்து அவனால் எதுவும் ஆகாது என்று சொல்வதாக எழுதுகிறார். அவர் சொன்ன வழி ரொம்ப எளிது: எதையாவது அதன்மேல் அப்பிவிடுங்கள்.

நான் அப்புவது ரா அம்பர் என்ற மண்பழுப்பு நிறம். டர்பன்டைனில் தண்ணியாகக் கரைத்து, அகலப் பிரஷ்ஷால் கேன்வாஸ் முழுக்கத் தடவி, பழைய பருத்தித் துணியால் துடைத்துவிடுவேன். மெல்லிய பழுப்பு மட்டும் நிற்கும். அக்ரிலிக் என்றால் டர்பன்டைன் வேண்டாம், தண்ணீர் போதும். இது பயத்தைப் போக்க மட்டும் இல்லை. சுத்த வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைத்தாலும் அது உண்மையில் இருப்பதைவிட இருட்டாகத் தெரியும். அதை நம்பி எல்லாவற்றையும் வெளிறலாகக் கலக்கிவிடுவோம். அடிப்பூச்சு நடுத்தரமாக இருந்தால் இருட்டு, வெளிச்சம் இரண்டையும் அதோடு ஒப்பிட்டு எடைபோடலாம். சில இடங்களில் அந்தப் பழுப்பை மூடாமலே விட்டுவிடுவதும் உண்டு. படம் முழுக்க ஒரு இணக்கம் வந்துவிடும்.

கேள்வி: போனில் எடுத்த படத்தைக் கேன்வாஸில் அப்படியே டிரேஸ் செய்து தொடங்கலாமா? என் நண்பர் அது ஏமாற்று வேலை என்கிறார்.

பதில்: ஏமாற்று ஒன்றும் இல்லை, நண்பரிடம் சொல்லுங்கள். ஆனால் எதை உள்ளே வைப்பது, எதை வெட்டுவது என்பதைக் கேமரா முன்பே முடிவு செய்துவிட்டது. உங்களுக்கு வண்ணம் நிரப்புகிற வேலைதான் மிச்சம். தவிர, வெயிலும் நிழலும் சேர்ந்த இடத்தில் போட்டோ நிழலைக் கரிக்கட்டையாக்கிவிடும். நேரில் கண்ணை இடுக்கிப் பாருங்கள், அதே நிழலுக்குள் நீலம், ஊதா, பழுப்பு எல்லாம் இருக்கும். போட்டோவிலிருந்து சின்னக் கட்டங்கள் நாலைந்து போடுங்கள். பிடித்தது கிடைத்ததும் போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: முடிந்த படம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் தொடங்குவது சரியா?

பதில்: சரிதான். பிக்காசோவுக்குப் பாரிஸ் கண்காட்சியின் ஸ்பெயின் அரங்குக்காகப் பெரிய ஓவியம் ஒன்று வரையும் பணி 1937 தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஓவியர், மாடல், ஸ்டுடியோ என்று எதையோ கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் குவெர்னிகா நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. மே 1ஆம் தேதி புது ஸ்கெட்ச்சுகள் தொடங்கிவிட்டன. ‘குவெர்னிகா’ என்றே பெயர் பெற்ற, ஏழரை மீட்டருக்கும் அதிக அகலமுள்ள அந்தக் கேன்வாஸ் மாறிக்கொண்டே வந்ததைப் புகைப்படக் கலைஞர் டோரா மார் படிப்படியாகப் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் வீழ்ந்த வீரனின் கை முஷ்டியை மடக்கி மேலே நிமிர்ந்து நிற்கிறது. முடிந்த படத்தில் அந்தக் கையைக் காணோம். முதல் நாளே முடிவு தெரிந்திருந்தால் அதை வரைந்திருக்கமாட்டார். ஆனால் ஒன்று, அவரும் தாளில் நிறையக் கிறுக்கிவிட்டுத்தான் கேன்வாஸுக்கு வந்தார்.

கேள்வி: ஆயில் கலரில் முதல் பூச்சே கெட்டியாக இருக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் எண்ணெய் குறைந்த மெல்லிய பூச்சு, மேலே போகப் போக எண்ணெய் கூடட்டும். தலைகீழாகப் போனால் மேல்பூச்சு முதலில் காய்ந்துவிடும், அடியில் இருப்பது அசைந்துகொண்டே இருக்கும், சில காலத்தில் விரிசல் விடும். அம்பர் வகை நிறங்களில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். நான் அதிலேயே தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மூட் வராத நாளில் என்ன செய்வீர்கள்?

பதில்: கேன்வாஸுக்குச் சட்டம் அடிப்பேன், அதன்மேல் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசுவேன், பிரஷ் கழுவுவேன். மூடுக்காகக் காத்திருப்பவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, அவ்வளவு நேரம் அவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறதோ!

கேள்வி: தொடங்கி ஒரு மணி நேரத்திலேயே படம் பிடிக்கவில்லை என்றால் கைவிடலாமா?

பதில்: அதற்கு முன் படத்தைக் கண்ணாடியில் பாருங்கள். இடவலம் மாறியதும் கோணல் தானாகத் தெரியும். கோடுதான் கோணல் என்றால் திருத்திக்கொண்டு மேலே போங்கள். இருட்டும் வெளிச்சமும் உட்கார்ந்த இடமே தப்பு என்றால் திருத்த மெனக்கெட வேண்டாம். ஆயில் என்றால் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். டர்பன்டைன் நனைத்த துணியால் மொத்தத்தையும் துடைத்துவிட்டு மறுபடி கட்டம் போடுங்கள். துடைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த நெடி தலைவலி கொடுக்கும்.