சைலன்சரில் நீர் சொட்டுவது பழுதா?

கேள்வி: காலையில் எங்கள் பெற்றோல் காரின் சைலன்சர் குழாயிலிருந்து வெண்புகை வருகிறது, நீரும் சொட்டுகிறது. புகையை வடிகட்டும் கொன்வேர்ட்டர் அடைத்துவிட்டதாகவும், அதைக் கழற்றி வெறும் குழாயைப் பொருத்தினால் பெற்றோல் மிச்சமாகும் என்றும் கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: நீர் சொட்டுவது பழுதன்று. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகும். ஹட்டனின் காலைக் குளிரில் அது குழாய்க்குள்ளேயே நீராகிவிடுகிறது. எஞ்சின் நன்கு சூடான பின்னும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துவந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

கொன்வேர்ட்டர் வடிகட்டி அன்று. உள்ளே இருப்பது தேனடை போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்ணிய துளைச் சுவர்களில் பிளாற்றினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை சில கிராம் அளவில் பூசப்பட்டிருக்கும். நச்சு வாயுவான காபனோரொட்சைட்டையும் எரியாத பெற்றோல் ஆவியையும் முதல் இரண்டும் ஒட்சிசனுடன் சேர்த்துக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்ற, ரோடியம் நைதரசன் ஒட்சைட்டுகளிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள அதே நைதரசனை வெளிவிடுகிறது. தாம் மாறாமல் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் ஊக்கிகள் என்பதால் இவை செலவாவதில்லை. காபனீரொட்சைட்டு குறைவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒட்சிசனைச் சேர்ப்பதும் பிரிப்பதும் ஒரே இடத்தில் நடக்க வேண்டுமாயின், ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறைப்படி 14.7 பங்கு காற்று என்ற அளவு பிசகக்கூடாது. மலையேற ஏறக் காற்று ஐதாகும். ஒட்சிசன் உணரி தரும் தகவலைக் கொண்டு எஞ்சினின் கணினி அதற்கேற்பப் பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறும் வரைக்கும் ஊக்கி சரியாக வேலை செய்யாது. ஆகையால் குளிரில் வண்டியை எடுத்துச் சந்திக் கடை வரை போய்த் திரும்பும் சிறு பயணத்தில்தான், தூரத்தோடு ஒப்பிட்டால், நச்சு மிக அதிகமாக வெளியேறுகிறது.

அடைப்பில்லாத கொன்வேர்ட்டரைக் கழற்றுவதால் குறிப்பிடத்தக்க பெற்றோல் மிச்சமாகாது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும், புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரும். உண்மையில் அடைத்திருந்தால் ஏற்றத்தில் வண்டி இழுக்காது. அப்போதும் முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள்: பிளக் சரியாகப் பற்றாவிட்டால் எரியாத பெற்றோல் கொன்வேர்ட்டருக்குள் சென்று எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். அதைக் கவனிக்காமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் உருகும்.

கழற்றியதைத் தாங்களே வைத்துக்கொள்வதாகக் கராஜில் சொன்னால், அந்தச் சில கிராம் உலோகத்துக்கு நல்ல விலை உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.