டெக்சா ஊசி எல்லா மூளை வீக்கத்துக்கும் ஆகுமா?

தலைக்காயம், மூளைக்கட்டி இரண்டிலும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சிகிச்சை தரும் டாக்டர் நான் இல்லை. ஸ்கேன் படங்களை அனுப்பாதீர்கள், பார்க்க மாட்டேன்.

கேள்வி: மூளைக்கட்டி உள்ள அப்பாவுக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்தார்கள். இரண்டே நாளில் தலைவலி குறைந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட நண்பனுக்கு அதையே கேட்டால் கூடாது என்கிறார்கள். இரண்டும் வீக்கம்தானே?

பதில்: வீக்கம்தான், ஆனால் வேறு வேறு. கட்டி தனக்காக வளர்த்துக்கொள்ளும் ரத்தக்குழாய்கள் அரைகுறையானவை. அவற்றிலிருந்து நீர் கசிந்து சுற்றியுள்ள மூளையில் தேங்கும். டெக்சாமெத்தசோன், சுருக்கமாக டெக்சா, ஒரு ஸ்டீராய்டு மருந்து. அது அந்தக் கசிவைக் குறைக்கிறது, கட்டியைக் கரைப்பதில்லை. 1961-ல் மினசோட்டாவில் காலிசிச், ஃபிரெஞ்ச் என்ற இருவர் இதை எழுதியதிலிருந்து மூளைக்கட்டிக்கு இது வழக்கமான மருந்து.

அடிபட்ட மூளையில் வீக்கத்தின் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே நடக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளும் பம்புக்கு ஆற்றல் கிடைக்காமல் போக, செல் நீரை இழுத்து உப்புகிறது. அங்கே ஸ்டீராய்டுக்கு வேலை குறைவு. ஆனாலும் பல ஆண்டுகள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசியில் ‘கிராஷ்’ என்ற ஆய்வு, 20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 10,008 பேரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. 2004-ல் முடிவு வந்தது: இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1%, பெறாதவர்களில் 17.9%.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்: எங்கள் காலத்தில் டெக்சா போட்டு எத்தனையோ பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?

பதில்: அய்யா, அவர்களில் பெரும்பாலோர் ஊசி இல்லாமலும் போயிருப்பார்கள். நூற்றுக்கு மூன்று பேர் கூடுதலாக இறப்பது ஒரே வார்டில் நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. அதற்குத்தான் பத்தாயிரம் பேர் தேவைப்பட்டது.

அவரே: கிராஷ் ஆய்வில் போட்டது மெத்தில்பிரெட்னிசலோன் என்ற வேறொரு ஸ்டீராய்டு. டெக்சா இல்லையே?

பதில்: சரியான பிடி. மருந்து வேறுதான், அளவும் மிகப் பெரியது. ஆனால் தலைக்காயத்தில் டெக்சா உயிர் காக்கும் என்று காட்டிய இவ்வளவு பெரிய ஆய்வு எங்கே? ஊசி போடுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும், வேண்டாம் என்கிறவர் இல்லை.

கேள்வி: செல்போனால் மூளைக்கட்டி வருமா?

பதில்: 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு அதை ‘ஒருவேளை இருக்கலாம்’ பட்டியலில் வைத்தது. ஆனால் செல்போன் பரவிய வேகத்துக்கு ஏற்ப மூளைக்கட்டிகள் பெருகவில்லை. பைக் ஓட்டிக்கொண்டே போன் பேசுவதுதான் மூளைக்கு நிச்சயமான ஆபத்து.

கேள்வி: தலையணை அடியில் போன் வைத்துத் தூங்கினால்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: புளூடூத் இயர்போன்?

பதில்: மேலே!

கேள்வி: மகளுக்கு ஒரு முறை வலிப்பு வந்தது. ஸ்கேனில் சின்ன வளையம் மாதிரி இருக்கிறதாம். புற்றுநோயா?

பதில்: உங்கள் மகளுக்கு என்ன என்பதை நரம்பியல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பொதுவாகச் சொல்கிறேன். இத்தகைய சிறு வளையங்களைக் காசநோய்க் கட்டி என்று நம்பி மருந்து கொடுத்த காலம் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் சிலவற்றை எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு என்று தெரிந்தது. பல தானாகவே மறைந்துவிடும். பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும் வரும். புழுவின் முட்டை அழுக்குக் கை, கழுவாத கீரை வழியாக வாய்க்குள் போகிறது. வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று வாரம் முன்பு பாட்டி நிலைப்படியில் இடித்துக்கொண்டார். அன்று ஒன்றும் இல்லை. இப்போது நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. வயசுதான் காரணமா?

பதில்: இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பக்கவாதமாக இருக்கலாம். அல்லது, வயதானவர்களுக்கு மண்டைக்குள் மெதுவாக ரத்தம் சேர்ந்து வாரக்கணக்கில் கழித்தும் தெரியவரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா? அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கேள்வி (முதலில் கேட்டவர்): அப்பா இப்போது தெளிவாக இருக்கிறார். டெக்சாவை நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது! சில வாரங்கள் சாப்பிட்டாலே உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்துவிடும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி ஆபத்தாகலாம், வீக்கமும் திரும்பலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். சர்க்கரையையும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள், இந்த மருந்து ஏற்றிவிடும்.