லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸ்தான் பிரச்சினை

நண்பரே, ‘48 வீட்டில் 30 வீடு குப்பை பிரிப்பதில்லை, வெட்கம்!’ என்று லிஃப்டில் ஒட்டிய பிறகு நிலைமை இன்னும் மோசம் என்கிறீர்கள். ஆகத்தான் செய்யும். பிரிக்காதவர்கள்தான் இங்கே அதிகம் என்று நீங்களே அறிவித்துவிட்டீர்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாகிப்போன பழங்கால மரங்கள் உள்ள கல்மரப் பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு இதைச் சோதித்தது. ‘கல்மரத் துண்டுகளைப் பலர் எடுத்துப் போனார்கள்’ என்ற பலகை இருந்தபோது, சோதனைக்காகப் பாதையில் போட்டிருந்த துண்டுகளில் 7.92% களவு போயின. ‘எடுக்காதீர்கள்’ என்று மட்டும் இருந்தபோது 1.67%.

தாளை இன்றே கிழியுங்கள். பிரிப்பவர்கள் அதிகமுள்ள மாடியைப் பாருங்கள். ‘3ஆம் மாடியில் 8 வீட்டில் 6 பிரிக்கிறது’ என்று அந்த மாடியிலேயே ஒட்டுங்கள். எண் நிஜமாக இருக்கட்டும், பொய் பிடிபட்டால் அவ்வளவுதான். மற்ற மாடிகளில் எண்ணே வேண்டாம், ‘மக்கும் குப்பை பச்சை வாளியில்’ என்பது போதும். வாளி வாசலில், பக்கத்து வீட்டார் கண்ணில் படும்படி இருக்கட்டும். வீட்டு எண் போட்டு மானத்தை வாங்காதீர்கள். வீம்புக்கென்றே கலந்து கொட்டுவார்கள்.