மீந்த உல்லன் நூலில் வண்ணக் கோலம் போட்ட குல்லா பின்ன முடியுமா?

தாராளமாகப் பின்னலாம். வண்ணாரப்பேட்டை வெயிலில் குல்லா எதற்கு என்று கேட்பவர்கள், மார்கழி விடியலில் ராயபுரம் பக்கம் நடக்கப் போகும் பெரியவர்களின் காதுகளைப் பார்த்ததில்லை.

முதலில் ஒரே தடிமனான உருண்டைகளை மட்டும் பொறுக்குங்கள். நம் கடைகளில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதைக் கம்பளியோடு கலந்தால், துவைக்கும்போது கம்பளி மட்டும் சுருங்கிவிடக்கூடும். நிறங்களைச் சேர்த்து வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், அந்தக் கோலம் தலையிலும் எடுபடாது.

வரிசைக்கு இரண்டு நிறம் போதும்; ஸ்காட்லாந்தின் ஃபேர் ஐல் தீவுக்காரர்களின் வழக்கமும் அதுதான். பயன்படாத நிறம் பின்பக்கம் கிடையாக ஓடும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: அந்த நூலை இழுத்துப் பிடித்தால் குல்லா தலைக்குள் நுழையாது. நிறம் மாற்றுமுன் ஊசியிலுள்ள கண்ணிகளை, அதாவது பின்னல் வளையங்களை, விரல்களால் பரப்புங்கள். பின்னால் ஓடும் நூல் 5 கண்ணிகளைத் தாண்டினால் நடுவில் ஒருமுறை பின்னலோடு கோத்துவிடுங்கள்.

கணக்கு எளிது. மாதிரித் துண்டையும் இரு நிறத்திலேயே பின்னி அளக்க வேண்டும். 10 செ.மீ.க்கு 20 கண்ணி வந்தால், 50 செ.மீ. சுற்றளவுள்ள குல்லாவுக்கு 100. கோலம் 6 கண்ணிக்கு ஒருமுறை திரும்புமானால் 102 ஆக்குங்கள்.

நூல் பாதியில் தீர்ந்தால், கோலப் பட்டை முடியும் இடத்தில் நிறத்தை மாற்றுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைக்காதீர்கள்.