ஏபிசிடி எழுதாவிட்டால் என்ன?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. தெருக்கோடியில் இருக்கும் அங்கன்வாடிக்கு அனுப்புகிறோம். பக்கத்து வீட்டுப் பையன் தனியார் பள்ளியில் எல்கேஜி. ஏபிசிடி முழுக்க எழுதுகிறான். "இவள் அங்கே சாப்பிட்டுத் தூங்கிவிட்டுத்தான் வருகிறாள்" என்கிறார் என் மாமியார். நகையை அடகு வைத்தாவது தனியாரில் சேர்த்துவிடட்டுமா?
– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: நகை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

மூன்றரை வயதில் விரல்களுக்குச் சரியான பிடிமானம் வந்திருக்காது. இப்போதே பென்சிலைத் திணித்தால் பிள்ளைகள் கையை மூடிப் பிடித்து, தோள் வலிக்க அழுத்துவார்கள். பிறகு அந்தப் பிடியை மாற்றுவது பெரும்பாடு. நீங்கள் கோலம் போடும்போது உங்கள் மகளுக்கும் ஒரு பிடி மாவு கொடுங்கள். இரண்டு விரலால் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புள்ளி வைக்கப் பழகட்டும். கோடு கோணலாகத்தான் போகும், போகட்டும். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் அங்கேதான் தயாராகின்றன. புளியங்கொட்டையைப் பொறுக்கிப் பாட்டிலில் போடுவதும் அதே வேலைதான்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஜூன் மாதத்தில் அவர்களைத் திணறடிப்பது ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையும், அம்மாவை விடாமல் கேட்டைப் பிடித்துத் தொங்கும் பிள்ளையும்தான். வரிசையில் உட்கார்ந்து, கை கழுவி, தட்டில் இருப்பதைத் தானே எடுத்துச் சாப்பிடுவது உங்கள் மாமியாருக்கு வெறும் சாப்பாடாகத் தெரிகிறது. எனக்கு அது பாதிப் பள்ளிக்கூடம்.

1975 அக்டோபர் 2-ல் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே, சத்துணவு, தடுப்பூசியோடு முன்பருவக் கல்வியும் அதில் சேர்ந்தே இருந்தது. மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவக் குழு வந்து கண், காது, பேச்சு, வளர்ச்சி என்று பார்க்க வேண்டும். குழு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு நீங்களும் போய் நில்லுங்கள். காது மந்தமாக இருக்கும் பிள்ளையைச் 'சொன்ன பேச்சு கேட்பதில்லை' என்று திட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

அதற்காக எல்லா அங்கன்வாடியும் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகள் பதிவேடு, செல்போனில் விவரம் ஏற்றுவது, போதாக்குறைக்குச் சில இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலை. இத்தனைக்கும் நடுவில்தான் அந்த டீச்சர் பாட்டும் கதையும் சொல்லித்தர வேண்டும். உடைந்துவிடும் என்று பயந்து விளையாட்டுச் சாமானைப் பூட்டி வைத்திருக்கும் மையங்களும் இருக்கின்றன. அதனால் ஒருநாள் காலை பத்தரை மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பாட்டுச் சத்தம் கேட்கிறதா, சாமான்கள் பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? இல்லையென்றால் சண்டை போடாமல் இன்னும் நான்கு அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு டீச்சரிடம் பேசுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வட்டார அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

அப்புறம் ஒன்று. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள சில அங்கன்வாடிகளில் 2019 முதல் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள். உங்கள் பக்கம் நடக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். மாமியாருக்கு 'எல்கேஜி' என்ற பேர்தான் வேண்டும் என்றால், அதுவும் செலவில்லாமல் கிடைத்துவிடும்.