கறுப்பு மைக்குக் கீழே என்ன?

கேள்வி: என் கணவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச காலமாக, அமெரிக்க அரசு வெளியிட்ட பறக்கும் தட்டு ஆவணங்களை இறக்கி, பிரிண்ட் எடுத்து, அடிக்கோடு போட்டுப் படிக்கிறார். பல பக்கங்களில் பாதி வரிகள் கறுப்பாக அடிக்கப்பட்டிருக்கின்றன. “மறைக்க ஒன்றும் இல்லையென்றால் எதற்கு இந்த மை?” என்கிறார். இப்போது சி.ஐ.ஏ.வுக்கே எழுதி ஆவணம் கேட்கப் போகிறாராம். மகள் டல்லாஸில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஏதாவது வம்பு வருமா? இவருக்குப் புத்தி கெட்டுவிட்டதா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: புத்தியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, சகோதரி. எழுதிக் கேட்பதில் குற்றமும் இல்லை. நம் ஆர்.டி.ஐ. சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டப்படி எந்த நாட்டுக்காரரும் ஆவணம் கேட்கலாம். ஆனால் விண்ணப்பத்தில் மகளின் பெயர், முகவரி எதுவும் வேண்டாம். யார் எதைக் கேட்டார்கள் என்ற பட்டியல் பிறகு வெளியே வருவதும் உண்டு. அவர் ஆசை, அவர் பெயரிலேயே போகட்டும்.

இதையே செய்து பெயர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஜான் கிரீன்வால்ட் என்பவர் 1996-ல், 15 வயதில், இப்படிக் கடிதம் போட ஆரம்பித்தார். 2021 ஜனவரியில் சி.ஐ.ஏ.வின் பறக்கும் தட்டு ஆவணங்களில் சுமார் 2,780 பக்கங்களை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார். அதற்கும் முன்னால், 1970-களின் கடைசியில், அரிசோனாவைச் சேர்ந்த ஓர் ஆர்வலர் குழு வழக்குப் போட்டு, அதே சி.ஐ.ஏ.விடமிருந்து சுமார் 900 பக்கங்களை வாங்கியது. இவர்கள் விடாமல் கேட்டிருக்காவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் அடிக்கோடு போடக் காகிதமே இருந்திருக்காது.

சரி, மைக்கு வருவோம். மறைத்தார்களா? மறைத்தார்கள். எதை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1980-ல் இன்னொரு குழு, தேசியப் பாதுகாப்பு முகமை என்கிற ஒட்டுக்கேட்கும் துறைமேல் வழக்குப் போட்டது. அந்தத் துறை 156 ஆவணங்களைத் தர முடியாது என்றது. காரணத்தை 21 பக்க ரகசியப் பிரமாண வாக்குமூலமாக எழுதி நீதிபதியிடம் மட்டும் காட்டியது. அவரும் துறை சொன்னது சரிதான் என்று தீர்ப்பளித்தார். பிறகு அந்த வாக்குமூலத்தைக் கேட்டு வாங்கினால், பெரும்பாலும் ஒரே கறுப்பு. பல வருடம் கழித்து மை குறைந்த பிரதி வந்தது. அவை பிற நாடுகளின் தகவல்தொடர்பை ஒட்டுக்கேட்டு எடுத்த அறிக்கைகள் என்பது அதில் தெரிந்தது. அவர்கள் பாதுகாத்தது முக்கியமாக, எப்படிக் காது வைத்தார்கள் என்பதை.

இதைவிடச் சுவையானது யு-2 உளவு விமானத்தின் கதை. 1955-ல் அது பறக்கத் தொடங்கியபோது பயணிகள் விமானங்கள் 10,000 முதல் 20,000 அடியில் போய்க்கொண்டிருந்தன. இதுவோ 60,000 அடிக்கு மேலே. கீழே இருட்டிய பிறகும் மேலே வெயில் பட்டு மின்னியதைப் பார்த்த விமானிகள், பறக்கும் தட்டு என்று எழுதிப் போட்டார்கள். புகார்களை விசாரித்த விமானப்படை அதிகாரிகள் சி.ஐ.ஏ.வைக் கேட்டு, இது நம்முடையதுதான் என்று தெரிந்துகொண்டார்கள். ஆனால் எழுதியவருக்கு உண்மையைச் சொல்ல முடியாது. பொய் சொன்னது நிஜம்; வேற்றுக்கிரகவாசிதான் இல்லை.

அப்புறம், எஃப்.பி.ஐ. ஆவணம் ஒன்றை அவர் கட்டாயம் பிரிண்ட் எடுத்திருப்பார். 1950 மார்ச் 22 தேதியிட்டது. நியூ மெக்சிகோவில் மூன்று தட்டுகள் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் மூன்றடி உயர உடல்கள் மூன்று என்று இருக்கும். விமானப்படை விசாரணையாளர் ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னது அது. எஃப்.பி.ஐ. அதை மேற்கொண்டு விசாரிக்கவே இல்லை. வங்கிக்கு வந்த மொட்டைக் கடிதத்துக்கும் முத்திரை குத்தி ஃபைலில் வைத்திருப்பார்கள் இல்லையா? அதற்காக அதில் இருப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா என்று அவரிடமே கேளுங்கள்.

கையெழுத்துச் சரிபார்த்த மனிதருக்கு எம்.ஜே-12 காகிதங்கள் நல்ல தீனி. 1987-ல் வெளியே வந்தவை; பறக்கும் தட்டை ஆராய அமெரிக்க அதிபர் ஒரு ரகசியக் குழு அமைத்ததாகச் சொல்பவை. அதில் இருக்கும் அதிபர் ட்ரூமனின் கையெழுத்து, 1947 அக்டோபர் 1-ல் அவர் எழுதிய வேறொரு கடிதத்தின் கையெழுத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. ஒருவர் இரண்டு முறை போடும் கையெழுத்து அச்சாகப் பொருந்தாது; பொருந்தினால் ஒன்று நகல் என்று அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கறுப்புக் கட்டத்தின் ஓரத்தில் பி1, பி3, பி6 என்று ஏதாவது குறித்திருப்பார்கள். தேசப் பாதுகாப்பு, வேறு சட்டத்தின் தடை, தனிமனிதர் அந்தரங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். அதே ஆவணம் வேறு வருடத்தில் மறுபடி வெளியாகியிருந்தால், இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மைக்குக் கீழே என்ன இருந்தது என்பதற்கு ஊகத்தைவிட அது நல்ல பதில்.

விண்ணப்பத்தில் ‘பறக்கும் தட்டு பற்றிய எல்லாம்’ என்று கேட்டால் வேலைக்கு ஆகாது. ஒரு சம்பவம், ஓர் ஊர், தேதி என்று குறுக்கிக் கேட்க வேண்டும். பறக்கும் தட்டுப் புகார்களை விசாரிக்க விமானப்படை நடத்தி 1969-ல் மூடிய புளூ புக் திட்டத்தின் 12,618 புகார்கள் ஏற்கெனவே தேசிய ஆவணக் காப்பகத்தில் திறந்துதான் கிடக்கின்றன. விளக்கம் கிடைக்காத 701-ம் அதில் அடக்கம். அதைத் திரும்பக் கேட்டு நாளை வீணாக்க வேண்டாம். சட்டத்தில் 20 வேலை நாள் என்று இருந்தாலும், ஆவணம் கைக்கு வர வருடக்கணக்கிலும் ஆகலாம். சாதாரண விண்ணப்பதாரருக்கு முதல் 100 பக்கமும் இரண்டு மணி நேரத் தேடலும் இலவசம். அதற்கு மேல் இவ்வளவு டாலர்தான் தருவேன் என்று கடிதத்திலேயே வரம்பு எழுதிவிடலாம்.

அதே மாதிரி வீட்டு பிரிண்டருக்கும் மாதத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள். அது உங்கள் அதிகாரத்தில் இருக்கட்டும்.