வலியில் திட்டிவிட்டேன், என்ன நினைத்திருப்பார்?

கேள்வி: பிரசவ வலியில், பக்கத்தில் நின்ற மருத்துவச்சியின் கையைத் தட்டிவிட்டு "என்னைத் தொடாதே, போ" என்று கத்திவிட்டேன். அவர் போகவில்லை. கடைசியில் குழந்தையை என் நெஞ்சில் வைத்ததும் அவர்தான். இரண்டு மாதமாகியும் மனசு உறுத்துகிறது அம்மா. தேடிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா?

பதில்: போய்ப் பாருங்கள், ஆனால் மன்னிப்புக்காக வேண்டாம். 30 வருஷம் பிரசவ அறையில் நின்றவள் சொல்கிறேன். கர்ப்பப்பை வாய் 8, 9 சென்டிமீட்டர் திறந்திருக்கும் அந்தக் கட்டத்தில், அதுவரை பல்லைக் கடித்துப் பொறுத்திருந்த பெண்கூட "என்னால் முடியாது, வீட்டுக்குப் போகிறேன்" என்று இறங்கப் பார்ப்பாள், திட்டுவாள், கையைக் கடிப்பாள். எங்கள் காதில் அது திட்டாக விழுவதே இல்லை, குழந்தை நெருங்கிவிட்டது என்றுதான் விழும், கை தானாகக் கையுறையைத் தேடும். அவரைப் பார்த்தால், அன்றைக்கு அவர் செய்ததில் உங்களுக்கு எது தெம்பாக இருந்தது என்று சொல்லுங்கள். எங்களுக்கு அது பெரும்பாலும் தெரியாமலே போய்விடும்.

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் வேறு மருத்துவச்சி, போன தடவை கரு கலைந்ததை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே ஆள் வேண்டும் என்று கேட்டால் அதிகப்பிரசங்கித்தனமா?

பதில்: இல்லவே இல்லை, கேளுங்கள். 18,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 17 ஆய்வுகளைத் தொகுத்து 2024-ல் காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், தெரிந்த மருத்துவச்சிகளே கர்ப்பத்திலிருந்து பிரசவத்துக்குப் பிறகு வரை பார்த்துக்கொண்ட பெண்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதலாகவும், ஆயுதம் போட்டு எடுப்பது குறைவாகவும் இருந்தது. உங்கள் முகம் சாதாரணமாக எப்படி இருக்கும் என்று தெரிந்தவளுக்குத்தான் இன்றைக்கு அது வாடியிருப்பது கண்ணில் படும். "கால் லேசாக வீங்குகிறது, பரவாயில்லை" என்று நீங்கள் மழுப்பினாலும் விடமாட்டாள், உட்காரவைத்து இரத்த அழுத்தம் பார்ப்பாள். ஒரே ஆள் கிடைக்காவிட்டால், கரு கலைந்தது, எதற்குப் பயம், எதைச் செய்யும் முன் உங்களிடம் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி முதலிலேயே கையில் கொடுத்துவிடுங்கள், திரும்பத் திரும்ப வாயால் சொல்லி அழ வேண்டாம். அப்புறம், நீங்கள் விரும்பும் ஒருவர் பிரசவத்தில் கூட இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை. அதையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் புதிதாக வேலைக்கு வந்த மருத்துவச்சி. குழந்தை இறந்தே பிறந்தபோது தாயோடு சேர்ந்து நானும் அழுதுவிட்டேன். மூத்தவர் கண்டித்தார். தப்பா?

பதில்: அழுதுகொண்டே அவளுடைய இரத்தப்போக்கைப் பார்த்தாயா, வயிற்றில் கை வைத்துக் கர்ப்பப்பை இறுகுகிறதா என்று பார்த்தாயா? பார்த்தாய் என்றால் தப்பே இல்லை மகளே. நானும் அழுதிருக்கிறேன். குழந்தையைப் பார்க்கிறாளா, கையில் வாங்குகிறாளா என்று அவளிடமே கேள், நீயாக முடிவு செய்து துணியில் சுற்றி எடுத்துப் போய்விடாதே. முடிந்தால் மறுநாளும் போய்ப் பார். இரண்டு மூன்று நாளில் பால் கட்டும், மார்பு கல்லாக வலிக்கும் என்பதை அன்றைக்கே சொல்லிவிடு, என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து. யாருமே சொல்லாமல், இராத்திரியில் ரவிக்கை நனைந்து விழித்துக்கொண்ட ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்.